சாவியை எடுத்த பிறகும்

மதியம் மூன்று மணி. ஈ காக்கை இல்லாத ரோடு. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? குள்ளா, போர்வையை இழுக்காதே, கேள். உன் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது.

அவர் கார் எலெக்ட்ரீஷியன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அக்கா மேல் உயிரையே வைத்திருந்தார். அன்றைக்குக் கூடமாட வேலைக்கு ஆள் வரவில்லை. சாவி திருப்ப ஒரு கை போதும் என்று அவளையே ஸ்கூட்டரில் கூட்டிப்போனார்.

ரோட்டோரம் தனியாக ஒரு ஷெட். உள்ளே அந்தக் காலத்துக் கார். காருக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்றே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே காலே வைக்கவில்லை.

எலி நாற்றம்... பழைய பெட்ரோல் வாடை. அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இவர் பானெட்டைத் தூக்கினார். தூக்கினால் கண்ணாடி மறைந்துவிடும், உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. குரல் கொடுத்துத்தான் வேலை நடக்கும். கொடு என்றால் சாவியைத் திருப்ப வேண்டும்.

டர்ர்ர்... டர்ர்ர்... சுற்றியது, பற்றவில்லை. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்குக் கரண்ட் கொடுப்பது காயில்; அங்கே கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் ஒயர் எங்கேயோ அறுந்திருக்கிறது. அதைத் தேடும் முன், பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயரைப் போட்டுப் பார்த்தார்.

"கொடு."

சட்டென்று பற்றிக்கொண்டது. ஒரே புகை.

அப்போது முதுகுக்குப் பின்னால்... அக்காவின் குரல்.

"என்னங்க... நான் இப்பத்தான் தண்ணி தேடிட்டு வர்றேன். உள்ள யாருங்க?"

திரும்பினார். வாசலில் அக்கா நின்றாள். பானெட்டைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். சீட்டிலும் அக்கா. அதே புடவை, அதே முகம்.

சாவியை எடு என்றார். சீட்டில் இருந்தவள் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். என்ஜின் நிற்கவில்லை.

சாவி இல்லாமல் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பது மனுஷியா? வாசலில் நின்றவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். என்னை விட்டுட்டு எங்க போறீங்க என்று உள்ளேயிருந்து ஒரே அழுகை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி ரோடு போன பிறகுதான் உறைத்தது. ஒயர்... அவர் போட்ட ஒயர். அது இருக்கிற வரைக்கும் சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது. தொழில் கற்ற முதல் வாரத்தில் தெரிந்துகொண்ட விஷயம். பயத்தில் புத்தி மழுங்கிப்போய், கட்டினவளை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வண்டியைத் திருப்பினார். இடுப்பைப் பிடித்திருந்த கைகள் தடுக்கவே இல்லை.

ஷெட்டில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சீட் காலி. கீழே அக்காவின் செருப்பு மட்டும். கத்திக் கத்திக் கூப்பிட்டார், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பின்னால் வெறுங்காலோடு நின்றவள் மெதுவாகச் சொன்னாள்:

"வீட்டுக்குப் போலாங்க."

வேறு என்ன செய்வார்? யாரிடம் சொல்வார்? யார் நம்புவார்கள்? அவளோடுதான் இன்னமும் குடித்தனம். பெற்ற தாயே மகள் என்றுதான் கொஞ்சுகிறாள். உன் சிநேகிதனும் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், குள்ளா.

அவர் மட்டும் ராத்திரியில் தூங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருப்பார். எப்போது திறந்தாலும்... அவள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.