வியாழக்கிழமை நூற்றிருபது மைல்

லூப்பே: ஐநூத்தி நாப்பத்தொண்ணு.

டெல்மர்: என்னது?

லூப்பே: ஐநூத்தி நாப்பத்தொண்ணு குதிரைச் சக்தி! எஞ்சினை அணைச்சுட்டுக் கேளுங்க டெல்மர், தொண்டை கிழியுது எனக்கு.

டெல்மர்: அணைச்சாச்சு, அணைச்சாச்சு... மார்ச்சுல அறுநூத்தி நாலு இருந்துச்சே. அறுபது குதிரை எங்க போச்சு? வேலி தாண்டிடுச்சா?

லூப்பே: வெயில்ல படுத்துக்கிச்சு. மணி பத்துதான் ஆகுது, வெளிய நூத்திப் பன்னெண்டு டிகிரி. உங்க சூப்பர்சார்ஜர் என்ன பண்ணும்? இருக்குற காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்தே நெருப்பா இருந்தா நெருப்பைத்தான் தள்ளும். போன வியாழக்கிழமையும் இதைத்தான் சொன்னேன். அதுக்கு முந்தின வியாழக்கிழமையும்.

டெல்மர்: பெல்ட்டு வழுக்குதோ என்னமோ...

லூப்பே: போன வாரம்தான் பெல்ட்டு. அதுக்கு முன்னாடி பெட்ரோல். அதுக்கும் முன்னாடி "ஒரு மாதிரி சத்தம்". வண்டிக்கு ஒண்ணுமில்ல, குத்துக்கல்லாட்டம் இருக்கு. இந்த விக்கன்பர்க் ஊர்லயே உங்க பிக்கப் அளவுக்கு உடம்பு நல்லா இருக்குற ஆளு ஒருத்தர் கிடையாது.

டெல்மர்: அப்ப உருளையிலேர்ந்து எறக்கிடலாங்கிறியா?

லூப்பே: நீங்கதான் சொல்லணும்.

டெல்மர்: எறக்க வேணாம்மா. கொஞ்ச நேரம் ஓடட்டும். உருளை மேலயே. அறுபதுல வச்சு.

லூப்பே: கொஞ்ச நேரம்னா?

டெல்மர்: ஒரு... ரெண்டு மணி நேரம்.

லூப்பே: டைனோங்கிறது எஞ்சின் பலத்தை அளக்குற மெஷின், பன்னெண்டு செகண்டு வேலை. வண்டியை உருளை மேல ஏத்தி, பட்டை போட்டுக் கட்டி, ஒரு மிதி மிதிச்சு, நம்பரைப் பாத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். ரெண்டு மணி நேரம் ஓட்டணும்னா அதுக்கு ரோடுன்னு ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க. என் கடை வாசல்லயே இருக்கு, பாத்திருப்பீங்க.

டெல்மர்: சூடு தாங்குதான்னு பாக்கணும்.

லூப்பே: நாலு வாரமாத் தாங்கிடுச்சு. டயரு சூட்டுல நாறுற வரைக்கும் ஓட்டிப் பாத்தாச்சு.

டெல்மர்: பணம் குடுக்குறேன்ல?

லூப்பே: பணத்தை நான் கேட்டேனா இப்ப? நூத்தி இருபது மைல்.

டெல்மர்: ம்?

லூப்பே: நூத்தி இருபது வந்ததும் "போதும்மா"ன்னு எறங்கிடுறீங்க. நாலு வியாழக்கிழமையும். நூத்திப் பத்தொன்பது கிடையாது, நூத்தி இருபத்தொண்ணு கிடையாது.

டெல்மர்: அதையெல்லாமா பாத்துக்கிட்டு நிப்ப?

லூப்பே: வேற பாக்குறதுக்கு இந்தக் கடையில என்ன இருக்கு? சொல்லுங்க. காரணம் சொன்னாத்தான் ஃபேனைப் போடுவேன். ஃபேன் இல்லாம அஞ்சே நிமிஷம், எஞ்சின் பொங்கிடும்.

டெல்மர்: இது என்னம்மா மெரட்டல்...

லூப்பே: ஆமா, மெரட்டல்தான்.

டெல்மர்: இரு, வேர்வையைத் துடைச்சுக்குறேன்.

லூப்பே: தண்ணி வேணுமா?

டெல்மர்: குடு... கார்லீன் கேக்குறா.

லூப்பே: உங்க பொண்ணா? வடக்க, தூரத்துல ஸ்போக்கேன்ல இருக்குற பொண்ணு?

டெல்மர்: ஒரே பொண்ணுதான். ஞாயித்துக்கிழமையானா மைல் மீட்டரைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பணும். அவ இன்ஷூரன்ஸ்ல வேலை பாக்குறா. வாயால சொன்னா நம்ப மாட்டா, நம்பரைத்தான் நம்புவா.

லூப்பே: நம்பர் எதுக்கு?

டெல்மர்: நான் வீட்டை விட்டு வெளிய போறேனான்னு பாக்க. பிரஸ்காட்ல ஒரு சர்ச்சுல வியாழக்கிழமை கூட்டம் நடக்குது. பொண்டாட்டியைப் பறிகுடுத்தவங்க, புருசனைப் பறிகுடுத்தவங்க எல்லாம் வட்டமா உக்காந்து காப்பி குடிப்பாங்க. அதுக்கு நான் போகணும். போக அறுபது, வர அறுபது.

லூப்பே: போகலேன்னா?

டெல்மர்: செப்டம்பர்ல லேபர் டே லீவுக்கு வருவா. வந்து என்னைப் பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவா. அவ வீட்டு மாடியில ரூம் ரெடியாம். மெத்தை கூட வாங்கிட்டா. வண்டியை வித்துடணுமாம்.

லூப்பே: போக உங்களுக்கு இஷ்டமில்ல.

டெல்மர்: ஸ்போக்கேன்ல எனக்கு யாரைத் தெரியும்? அவளும் மாப்பிள்ளையும் ஏழு மணிக்கு வேலைக்குப் போனா ராத்திரிதான் வராங்க. இங்க நான் தனியா இருக்கேன்னா அது என் வீடு. அங்க அவ வீட்டுல தனியா இருக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

லூப்பே: அப்போ அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்துடலாமே டெல்மர்? காப்பிதானே. யாரு கடிச்சுத் திங்கப் போறா?

டெல்மர்: போனேன். ஒரு தடவை, ஜனவரியில. வழியில இருக்குற யார்னல் மலை அடிவாரம் வரைக்கும்.

லூப்பே: அங்க என்ன?

டெல்மர்: நின்னுட்டேன். ஓரமா நிறுத்தினவன்தான், திரும்ப ரோட்டுல ஏற முடியல. லாரி ஒவ்வொண்ணும் போறப்ப வண்டியே ஆடுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு போலீஸ்காரப் பையன் பாத்துட்டு, தானே ஓட்டி வீட்டுல கொண்டு விட்டான். "ஐயா, யாருக்காவது போன் பண்ணவா"ன்னு கேட்டான். யாருக்குப் பண்ண?

லூப்பே: உங்க வீட்டுக்காரம்மா வெர்னா... அந்த மலையிலதான் போனாங்க, இல்ல?

டெல்மர்: உனக்கு எப்படித் தெரியும்?

லூப்பே: ஊர்ல சொன்னாங்க. முழுசாத் தெரியாது.

டெல்மர்: முழுசுன்னு பெருசா ஒண்ணுமில்ல. போன ஆகஸ்டு. பிரஸ்காட்ல குதிரைப் போட்டி. மூணாவதா வந்தா, அறுபத்தி நாலு வயசுல. பின்னாடி ட்ரெய்லர்ல ரெண்டு குதிரை, பக்கத்துல அவ. மலை எறங்குறப்ப தலையை இப்படி ஜன்னல்ல சாச்சா. களைப்புல தூங்குறான்னு நெனச்சேன்.

லூப்பே: ஐயோ டெல்மர்...

டெல்மர்: பதினோரு மைல் பேசிக்கிட்டே வந்தேம்மா. அந்த ஜட்ஜு சரியில்ல, உனக்குத்தான் ரெண்டாவது குடுத்திருக்கணும்னு. பதினோரு மைல். அவ பதில் சொல்லலேன்னு கோவம் வேற எனக்கு.

லூப்பே: வேற ரோட்டுல...

டெல்மர்: வேற ரோடு இருக்கு, சுத்திப் போகலாம்னு சொல்வ. ரோட்டை மாத்தலாம். சீட்டை என்ன பண்ண? எந்த ரோட்டுல போனாலும் அந்தச் சீட்டு கூடவே வருது.

லூப்பே: அப்ப ஊருக்குள்ளயே சுத்தினா என்ன? மைல் மைல்தானே.

டெல்மர்: சுத்திப் பாத்தேன். ஏழாவது ரவுண்டுல பேங்க் வாசல்ல நிக்குற கிழவன் கை காட்டி நிறுத்திட்டான். "என்ன டெல்மர், வீடு மறந்து போச்சா?"ங்கிறான். மறுநாள் சர்ச்சுல நாலு பேர் எனக்கு ஞாபகசக்தி மாத்திரை சொல்றாங்க.

லூப்பே: சிரிக்கக் கூடாதுதான்...

டெல்மர்: சிரி, சிரி. அப்பதான் உன் போர்டு திரும்பக் கண்ணுல பட்டுச்சு. என் வீட்லேர்ந்து எட்டே தெரு. வண்டி அறுபதுல ஓடுது, மீட்டர் ஏறுது, ஆனா எங்கயும் போகல. இதை விட வேற என்ன வேணும் எனக்கு?

லூப்பே: இங்கயும் அதே சீட்டுதானே இருக்கு?

டெல்மர்: இங்க அந்த ஜன்னல் பக்கம் நீ நின்னு ஏதாவது திட்டிக்கிட்டிருக்க. அது வேற.

லூப்பே: ...சரி, ஏறி உக்காருங்க. ஃபேனைப் போடுறேன். அறுபதுக்கு மேல மிதிக்காதீங்க, சொல்லிட்டேன்.

டெல்மர்: ஐஸு?

லூப்பே: காலையிலேயே ரெண்டு மூட்டை வாங்கி வச்சிருக்கேன். எஞ்சின் காத்தைக் குளிர வைக்கிற தொட்டியில கொட்டிட்டேன். கெளப்புங்க.

டெல்மர்: ரெண்டு மூட்டையா? நான் வருவேன்னு...

லூப்பே: கெளப்புங்கன்னா!

டெல்மர்: ...அம்பது... அறுபது! போதுமா?

லூப்பே: அங்கேயே நிறுத்துங்க! காலை அசைக்காதீங்க!

டெல்மர்: சாப்ட்டியா நீ?

லூப்பே: என்ன? கேக்கல!

டெல்மர்: காலையில ஏதாச்சும் சாப்ட்டியான்னு கேட்டேன்!

லூப்பே: பர்ரிட்டோ! நேத்து ராத்திரி மிச்சம்!

டெல்மர்: என்னைக்குப் பாரு மிச்சம்! தனக்குன்னு சுட்டுத் திங்க உனக்கு என்ன கேடு!

லூப்பே: நீங்க என்ன திங்கிறீங்க?

டெல்மர்: கார்ன்ஃபிளேக்ஸ்! பாலை ஊத்தி!

லூப்பே: பேச வந்துட்டாரு! பேசிப் பேசியே இருபத்திரெண்டு மைல் ஆச்சு. எஞ்சின் சூடு பரவாயில்ல... டெல்மர், உங்க போன்ல வெளிச்சம் வருது பாருங்க.

டெல்மர்: ஐயையோ. கார்லீன்.

லூப்பே: எடுக்காதீங்க. ஓட்டுறீங்கன்னு நெனச்சுக்குவா.

டெல்மர்: எடுக்கலேன்னா போலீஸையே அனுப்பிடுவா. வியாழக்கிழமை கூப்பிடவே மாட்டாளே... நீ வாயைத் திறக்காத. ஸ்பீக்கர்ல போடுறேன்... சொல்லும்மா!

கார்லீன்: அப்பா, எங்க இருக்க?

டெல்மர்: ரோட்டுலம்மா, வேற எங்க? யார்னல் மலை ஏறிக்கிட்டிருக்கேன்.

கார்லீன்: சத்தம் பெருசா இருக்கே.

டெல்மர்: ஏத்தம்ல. வண்டி மூச்சு வாங்குது. என்ன விஷயம்?

கார்லீன்: ஒண்ணுமில்ல. சும்மாதான். ஜன்னல்ல என்ன தெரியுது, சொல்லு.

டெல்மர்: ஜன்னல்லயா?

கார்லீன்: எனக்கு இங்க ஆபீஸ் சுவரு மட்டும்தான் தெரியுது. உனக்கு என்ன தெரியுதுன்னு சொல்லேன்.

டெல்மர்: எனக்கு... எனக்கு மலை தெரியுது. ஏறுறதுக்கு ஒரு ரோடு, எறங்குறதுக்கு வேற ரோடுல்ல இங்க. எறங்குற ரோடு மேல தெரியுது. கீழ பாத்தா பாலைவனம் பூரா விரிச்சுப் போட்டாப்புல கிடக்கு. அந்தப் பெரிய கள்ளியெல்லாம் இங்கேர்ந்து குச்சியாட்டம் இருக்கு.

கார்லீன்: ம்... அப்புறம்?

டெல்மர்: இதோ அந்தக் கடைசி வளைவு வருது. இங்க வந்ததும் உங்கம்மா ஏசியை அணைச்சிடுவா. "இனிமே காத்து நல்லா இருக்கும், கண்ணாடியை எறக்கு டெல்மர்"ம்பா. எறக்கலேன்னா தொடையில ஒரு அடி விழும்.

கார்லீன்: எறக்கேன்.

டெல்மர்: ஆங்?

கார்லீன்: கண்ணாடியை. ரெண்டு பக்கமும் எறக்கு.

லூப்பே: ஷ்ஷ்... எறக்குங்க. ஃபேனைக் கூட்டுறேன்.

டெல்மர்: எறக்கிட்டேம்மா... காத்து வருது... நல்லாத்தான் இருக்கு. மேல ஏறிட்டாலே பத்து டிகிரி கம்மியாயிடும்... உங்கம்மா தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்குவா. முடி பூரா பறக்கும். பாதி என் வாய்க்குள்ள...

கார்லீன்: அப்பா.

டெல்மர்: ம்.

கார்லீன்: அழுறியா?

டெல்மர்: இல்லம்மா. கண்ணுல தூசி. கண்ணாடி எறக்கியிருக்குல்ல.

கார்லீன்: சரி. லேபர் டே பத்திச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் வரேன். பெட்டி எடுக்க வரல. அந்த மலையில வண்டியை நான் ஓட்டுறேன். நீ அம்மா சீட்டுல உக்காந்து வா.

டெல்மர்: ஏன்... நான்தான் வாராவாரம் இந்த மலையில ஓட்டிக்கிட்டு...

கார்லீன்: ஞாயித்துக்கிழமை மறக்காம மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு. அப்புறம் அப்பா, லூப்பேகிட்ட அந்த ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லு. நீ பேசுறதே எனக்குச் சரியாக் கேக்கல. வச்சிடுறேன்.

டெல்மர்: கார்லீன்? கார்லீன்...!

லூப்பே: காலை எடுங்க. மெதுவா... எஞ்சினை அணைங்க. ஃபேனையும் நிறுத்திட்டேன்.

டெல்மர்: எவ்வளவு நாளா அவளுக்குத் தெரியும்?

லூப்பே: ரெண்டாவது வாரத்துலேர்ந்து. நீங்க அனுப்புன படத்துல மீட்டர் கண்ணாடி மேல என் சுவரும் கடை பேரும் நிழலா விழுந்திருக்கு. கடை போன் நம்பரைத் தேடிக் கூப்பிட்டா. "எங்கப்பா அங்க என்ன பண்றாரு?"ன்னா. "ஓட்டுறாரு"ன்னேன். அப்புறம், "நீங்க பக்கத்துல இருக்கீங்களா?"ன்னு கேட்டா. இருக்கேன்னேன். "அவர்கிட்ட சொல்லாதீங்க, சொன்னா வர்றதை நிறுத்திடுவாரு"ன்னா.

டெல்மர்: எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, ஃபேனைப் போட மாட்டேன்னு மெரட்டி என்னைச் சொல்ல வச்ச.

லூப்பே: யாருகிட்டயாவது சொல்லணும்ல நீங்க. ஒரு வருஷமாகப் போகுது.

டெல்மர்: ...வெக்கமா இருக்கும்மா. உனக்கு எவ்வளவு தொந்தரவு. இந்த வெயில்ல, ரெண்டு மணி நேரம், ஐஸு, ஃபேனு... உன் நேரத்துக்கு வேற வண்டிக்காரங்க காத்துக்கிட்டிருப்பாங்க. நான் பாட்டுக்கு...

லூப்பே: எந்த வண்டிக்காரங்க?

டெல்மர்: ஏன், டைனோ போட வர்றவங்க.

லூப்பே: வெளிய வந்து பாருங்க, ஒரு சக்கரத் தடமாவது இருக்கான்னு. இந்த வெயில்ல எவனும் டைனோ போட வர மாட்டான் டெல்மர். ஜூலை, ஆகஸ்டு ரெண்டு மாசமும் பதினாறு வருஷமா இந்தக் கடைக்குப் பூட்டுதான். மலை மேல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அங்க வீடு நிறைய ஆளு, சாப்ட்டியான்னு என்னைக் கேக்கத்தான் ஒருத்தருமில்ல. இந்த வருஷம் அவ கூப்பிட்டப்போ, வண்டி வரிசையா நிக்குது, தலைக்கு மேல வேலை, வர முடியாதுன்னு பொய் சொல்லிட்டேன்.