கூண்டுச் சண்டைக்காரருக்கு ஒரு யூனியன்

கொழும்பு வெள்ளவத்தை சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எங்கள் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையும் கையுமாக வரிசையில் விட்டார்கள். எனக்கு முன்னால் கண்ணாடிக்காரர் ஒருவரும் தொப்பைக்காரர் ஒருவரும் நின்றார்கள். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியபோது இருவருக்கும் டிக்கெட் எடுத்தவர் தொப்பைக்காரர்.

"டிவியில கூண்டுக்குள்ள அடிபடுறாங்களே ஐசே, அவங்களுக்கு ஒரு யூனியன் வேணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"ஸ்ட்ரைக் எண்டா என்ன செய்வாங்கள்? ஆளையாள் அடிக்காம நிப்பாங்களோ?"

"ஓம். முதலாளி இறங்கி அடிபடட்டும்."

"அவங்கள் ஆளாளுக்குத் தனிக் கொன்ட்ராக்ட் ஐசே. ஒருத்தன் மாட்டன் எண்டா மற்றவன் ஓடிவந்து கூண்டுக்க ஏறுவான்."

"அதுக்குத்தான் யூனியன். ஒருத்தனுக்கு ஒண்டெண்டா மற்றவன் பக்கத்தில நிக்கோணும். எங்கட பேங்க் யூனியனுக்கு நான் எத்தினை வருஷம் செயலாளர்! ஒருத்தரையும் விட்டுக்குடுத்ததில்லை."

தொப்பைக்காரரின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சிப்பாய், அவரை ஓரமாக நிற்கச் சொன்னான். பிறகு கண்ணாடிக்காரரிடம், இருவரும் ஒன்றாகவா வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

செயலாளர் திருத்தமான சிங்களத்தில் பதில் சொன்னார்:

"இல்லை மஹத்தயா. இவர் யாரென்றே எனக்குத் தெரியாது."