கலியாண வீட்டில் ஒரு மீன்

"கலியாண வீட்டில ஒரு மீனை நிலத்தில வைச்சு, பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஏழு தரம் தாண்ட வேணுமாம்."

பெண்டில் ஹில் நிலையத்தில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த அம்மாள் இதைத் தன் கணவரிடம் சொன்னதும், நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன். மகள் ஒரு துனீசியப் பையனைக் கட்டப்போகிறாள் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"ஆர் சொன்னது?"

"மாப்பிள்ளையின்ர தாய். ரெலிபோனில சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. நானும் விளங்க முதலே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். கும்பம் வைச்ச வீட்டுக்குள்ள மீன் வந்தா சனம் என்ன கதைக்கும்? ஏற்கெனவே ஒருக்கா நிச்சயம் பண்ணிக் குழம்பின பிள்ளை."

"ரோமர் வர முன்னமே அங்க இருந்த பழக்கமாம். பிள்ளை சொன்னவள்."

"இருக்கட்டும். அதுக்கு என்ர வீட்டிலயோ?"

"கலியாணம் முடிஞ்சு நாலாஞ்சடங்குக்கு நாங்களும் மீன் சமைக்கிறம்தானே. அண்டைக்குத் தாண்டட்டும்."

அம்மாள் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஏன் அதைத் தாண்டுகினம்?"

"நாவூறு படாமலிருக்கவாம். ஆரும் கண் வைச்சு நல்ல காரியம் குழம்பக் கூடாதெண்டு."

ரயில் பரமட்டாவில் நின்றது. கணவர் எழுந்து கதவருகே போனார். அம்மாள் எழும்பவில்லை.

"ஏழு தரம் போதுமோ?" என்றார்.