வரிக்குதிரைக் கறி

– நாளைக்கு ஜோகன்னஸ்பர்க் பஸ்ஸுல ஏறப் போறவளுக்குக் கால்ல கிலுகிலுப்பை எதுக்கு? கழட்டி வெச்சிட்டுக் கெளம்பு, நோமலாங்கா.

– இன்னிக்கு மதிய ஆட்டம் இருக்கே, வெலாபி அண்ணே. நம்ம மகோகோபா பேட்டை ஜனம் பாதி வந்து உட்கார்ந்தாச்சு. கடைசி ஆட்டத்தை ஒழுங்கா ஆடிட்டுப் போறேனே.

– ஏன் போறன்னு மட்டும் சொல்ல மாட்ட.

– அங்க சிநேகிதி ஒருத்தி வீட்டு வேலை பார்த்து வெச்சிருக்கா. போதுமா?

– போதாது. புலவாயோவுல உன்னை மாதிரி ஆடுறவ இல்லை. நீ போய் எவன் வீட்டுத் தரையையோ துடைக்கப் போறியா?

– துடைக்கிறேன். உன் மத்தளத்துக்கு ஆடிக்கிட்டு, உன்னையே அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலை.

– என்ன சொன்ன?

– ஒண்ணுமில்லை. முடிச்சுப் போட விடு.

– அப்போ உனக்கும் அப்படித்தானா, லாங்கா?

– வாயை மூடு. நீயும் டூபே, நானும் டூபே. ரெண்டு பேரும் வரிக்குதிரைக் குலம். ஒரே குலம்னா அண்ணன் தங்கச்சிதான், வேற பேச்சே இல்லை. மா நியாதி காதுல விழுந்தா மத்தளக் குச்சியாலயே நம்மளை வெளுத்துடுவாங்க.

– உள்ள என்னடா குசுகுசுப்பு, என் கண்ணுகளா? மா நியாதி கூப்பிடுறேன்ல, வரிசைக்கு வாங்க! ஒவ்வொருத்தரா மேடை ஓரம் போய் குலத்தைச் சொல்லணும், தொண்டையைச் செருமிக்குங்க. என் குழுவுல வேர் இல்லாத மரம் ஒண்ணுகூடக் கிடையாதுன்னு ஊருக்குத் தெரியட்டும்!

– இதோ வந்துட்டோம், மா நியாதி! ... லாங்கா, இங்க பாரு. நான் டூபே இல்லை.

– உளறாதே அண்ணே.

– சத்தியமா இல்லை. எங்கப்பா மலாவிக்காரர். குடும்பப் பேர் சிர்வா. ஹ்வாங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலை தேடி நடந்தே வந்தவரு. அங்க ஆள் எடுக்கிறவன் 'என்ன குலம்'னு கேட்டிருக்கான். இவருக்கு அந்தக் கேள்வியே புரியல. வரிசையில முன்னால நின்ன ஆளு டூபேன்னான். இவரும் டூபேன்னுட்டாரு.

– இப்படியெல்லாமா உண்டு!

– சுரங்க லைன் வீட்டுல பாதிப் பேர் கதை இதான். ஞாயித்துக்கிழமை ஆனா அவங்க ஊர் வழக்கப்படி சுரைக்குடுக்கையை ஊதிக்கிட்டு ஆடுவாங்க. என் கைத்தாளமே அங்க பிடிச்சதுதான். ஆனா ஸ்கூல்ல பசங்க 'குலம் கெட்டவன் மவனே'ம்பாங்க. அதான் இங்க சேர வந்தப்ப நானும் கண்ணை மூடிக்கிட்டு டூபேன்னேன். குலத்துப் புகழ்ப்பாட்டு, பக்கத்து வீட்டுக்காரர் குளிக்கும்போது பாடுவாரே, அதைக் கேட்டுப் படிச்சது. நடுவுல ஒரு அடி விட்டுப்போச்சு.

– விட்டுப்போச்சா?

– நீயும் அதே அடியைத்தான் விடுற. நிஜ டூபே இவளே விடுறாளேன்னு எனக்குத் தைரியம் வந்துச்சு.

– மேடையில நீ பாடுறப்ப டூபே வீட்டுப் பொம்பளைங்க எழுந்து நின்னு குலவை போடுவாங்களே!

– போடுவாங்க. வெட்கமா இருக்கும். திருடிட்டு வந்து மாட்டிக்காத மாதிரி.

– நான் நம்ப மாட்டேன். அருவிப் பக்கத்து ஹோட்டல்ல வெள்ளைக்காரங்களுக்கு ஆடினோமே, அன்னிக்குத் தட்டு தட்டா வரிக்குதிரைக் கறி வெச்சாங்க. எல்லாரும் வெட்டு வெட்டுன்னு வெட்டினாங்க. நீ மட்டும் 'என் குலத்தை நான் தின்ன மாட்டேன்'னு தள்ளி வெச்சியே!

– நீ எதிர்ல உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்த! எனக்கு எச்சில் ஊறிச்சு லாங்கா. வெறும் சோளக்களியை உப்புத் தொட்டுத் தின்னுட்டுப் படுத்தேன்.

– ஐயோ!

– சிரிக்கிறியா, அழறியா?

– தெரியலை போ.

– இன்னிக்கு மேடையில சிர்வான்னு சொல்லப் போறேன். மா நியாதி விரட்டினா விரட்டட்டும். ஆனா உங்க வீட்டுப் பெரியவங்க அசல் டூபேக்காரங்க. குலமில்லாத மலாவிக்காரனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா? அதுக்குப் பயந்துதான் அண்ணனாவே இருந்தேன். பக்கத்துலயாவது நிக்கலாமேன்னு.

– எந்த வீட்டுப் பெரியவங்க, வெலாபி?

– பேர் சொல்லிக் கூப்பிடுற!

– டூபே ரெண்டு பேரும் எங்க ஒழிஞ்சீங்க? திரையைத் தூக்கியாச்சு, என் மானத்தை வாங்காதீங்க!

– ஒரு நிமிஷம், மா நியாதி! ... வெலாபி, நாம சேர வந்த நாள் ஞாபகம் இருக்கா?

– மறப்பேனா? இதே வாசல்ல வரிசையில நின்னோம். நீ மிஷன் பள்ளிக்கூடத்து நீலக் கவுனோட, ஒரு துணி மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன.

– பள்ளிக்கூடம் இல்லை. வாசல்ல போட்டுட்டுப் போன பிள்ளைங்களை மிஷன்காரங்க வளர்ப்பாங்களே, அந்த வீடு. மா நியாதி உன்கிட்ட 'என்ன குலம்'னு கேட்டாங்க. அடுத்து என்னைக் கேட்பாங்களேன்னு நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்.

– லாங்கா...

– உனக்குப் பின்னால நின்னது நான்தானே. நீ டூபேன்ன. நானும் டூபேன்னுட்டேன்.