இரண்டு சதவீதம் குறைந்த நடை

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும், எதிரே இருந்த பெண் தன் தம்பியிடம் சொன்னார்: "டாக்டர்கிட்ட நல்லா நடந்து காட்டினதுதான்டா தப்பாப் போச்சு."

நான் செய்தித்தாளைப் படிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

"ஊனம் முப்பத்தெட்டு சதவீதம்னு எழுதிட்டார். சட்டப்படி நாற்பது இருந்தாத்தான் டீச்சர் வேலைக்குக் கோட்டா."

"நம்ம தெருவுல பரிசோதனையே இல்லாம உனக்கு நூறு போட்டாங்களேக்கா!"

"அந்தத் தெருவுக்காகத்தான் இருபது வருஷமா கண்ணாடி முன்னால பழகினேன், காலை இழுக்காம நடக்க. இடுப்பு விண்ணுவிண்ணுன்னு வலிக்கும். டாக்டர் 'நடம்மா'ன்னதும் அதே நடை வந்துருச்சு."

"நாளைக்கு அப்பீல்ல தயவுசெஞ்சு உன் சொந்த நடையை நட."

"அது மறந்துபோச்சேடா!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெருங்களத்தூரில் இறங்கினார்கள். இரண்டு கால்களும் நன்றாக இருந்தும் முதல் மாடிக்கே மூச்சு வாங்கும் நான், ஜன்னல் வழியே பார்த்தேன்.

"இப்பவே பழகுக்கா!" என்றான் தம்பி.

நாலடி காலை இழுத்து நடந்தார். எதிரே ஒரு கூட்டம் வந்தது. ஐந்தாவது அடியில் முதுகு நிமிர்ந்து, நடை நேராகிவிட்டது. எங்கள் தாம்பரம் விமானப்படை அணிவகுப்பிலும் நான் அப்படியொரு நடையைப் பார்த்ததில்லை.