க... க... கடலை

இருங்க, இருங்க... பெற்றோர் கூட்டம் முடியப்போகுது, வடை வாசனை உங்களுக்கு வந்துடுச்சு, எனக்கும் வந்துடுச்சு. ஒரே ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு இறங்கிடறேன். வேற யார் வீட்டுக் கதையும் இல்ல... என் வீட்டுக் கதை.

எனக்கு ஒரு பையன், செழியன். உங்க பிள்ளைங்க மாதிரியே ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். கொஞ்சம் திக்கிப் பேசுவான். இதை மேடையில சொல்லலாமாடான்னு அவன்கிட்டயே கேட்டேன். "சொ... சொல்லுங்கப்பா. ஆனா நீட்டாதீங்க"ன்னான்.

அப்பன் யாரு? ஊர் ஊரா மைக்கைப் புடிச்சுக்கிட்டுப் பட்டிமன்றம் பேசறவன்! பிள்ளை "அப்பா, எனக்கு த... த..."ன்னு ஆரம்பிப்பான். நான் உடனே, "தண்ணியா? இந்தா!" அவன் கேக்க வந்தது தயிரா இருக்கும். ஆனா தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிடுவான். ஏன்? என்கிட்ட மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கறதைவிடத் தண்ணி குடிக்கறது சுலபம்! நான் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன்? பிள்ளைக்கு ஒத்தாசை பண்றோம்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க.

கொஞ்ச நாள்ல அவன் வீட்ல பேசறதே கொறஞ்சுபோச்சு. எது வேணும்னாலும் கையைக் காட்டுவான். என் மனைவி தமயந்தி சொன்னா, "ஒரு நாய்க்குட்டி எடுத்துட்டு வரலாங்க. பிள்ளை அதுகிட்டயாவது பேசட்டும்."

அதுகிட்டயாவது... எனக்குச் சுருக்குன்னுச்சு. மறுநாளே கிளம்பிட்டோம்.

தெருவுல அடிபட்டது, வளர்த்தவங்க விட்டுட்டுப் போனதுன்னு நாய்களை மீட்டு வச்சிருக்கிற காப்பகம் அது. நமக்கு மூணாவது மாடி ஃபிளாட். சின்ன நாயா வேணும். நான் பொண்ணு பாக்கப் போன மாதிரி உக்காந்துக்கிட்டு, "வயசென்ன? ரொம்பக் குரைக்குமா? கை குடுக்குமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். அங்க பாத்துக்கற ஜெசிந்தாம்மா சொன்னாங்க, "சார், வீட்ல குழந்தை இருக்குங்கறீங்க. எது குழந்தையை நம்பித் தானா வருதோ, அதைத்தான் நான் குடுப்பேன். எல்லாரும் தரையில உக்காருங்க. பத்து நிமிஷம். கூப்பிடக் கூடாது, கையை நீட்டக் கூடாது... பேசக் கூடாது."

பேசக் கூடாதா! ரெண்டு நிமிஷம் தாங்குனேன். அப்புறம், "இந்தக் கறுப்புக் குட்டி நல்ல சுறுசுறுப்பு..."ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க, அந்தம்மா எழுந்து கதவைத் தொறந்தாங்க. "சார், நீங்க வெளியில நில்லுங்க."

ஆயிரம் பேர் கைதட்டுன வாய்! வெளியில நிறுத்திட்டாங்க!

ஜன்னல் கம்பி வழியா பாக்கறேன். கறுப்புக் குட்டி குதிச்சுது, ஓடிப்போச்சு. மூலையில ஒண்ணு, வறுத்த கடலை நிறம், ஒரு காது மடங்கினது, சுவரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு அடி வச்சுது... நின்னுது... இன்னொரு அடி. செழியன் அசையலை. அது வந்து அவன் குதிகாலை மோந்து பாத்துட்டு, தன் முதுகை அவன் காலோட ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கிச்சு. பிள்ளை முகத்தைப் பாக்கணுமே!

கிளம்பறப்போ ஜெசிந்தாம்மா சொன்னாங்க: "இது ஏற்கனவே ரெண்டு வீட்லேருந்து திரும்பி வந்துடுச்சு சார். பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்துச்சு. நேரா கட்டிலுக்கு அடியில போச்சு. அவ்வளவுதான்! சாப்பாட்டைக்கூட உள்ளே தள்ளிவிட வேண்டியிருந்துச்சு. ஒரு நாள், ரெண்டு நாள், அஞ்சு நாள். நான் ஃபோனைக் கையில எடுத்துட்டேன். "இது சரிப்படாது. கொண்டுபோய் விட்டுடலாம்."

செழியன் ஓடிவந்து என் சட்டையைப் புடிச்சான். "அப்பா... க... க..."

நான், "கஷ்டமாதாண்டா இருக்கும், வேற குட்டி..."

இல்லைன்னு தலையை ஆட்டறான். "க... க..."

"கவலைப்படாதடா..."

கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு. அப்பத்தான் எனக்கு அந்த ஜன்னல் கம்பி ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். என்ன பண்றதுன்னு தெரியாம சுவர்க் கடிகாரத்தைப் பாத்தேன். முள்ளு நகருது... நகருது... பதினோரு செகண்ட்.

"க... க... கட்டிலுக்கு அடியில நாமளும் படுத்துக்கலாம்ப்பா."

இதைச் சொல்லத்தான் பிள்ளை அந்தப் பாடுபட்டிருக்கான். பதினோரு செகண்ட்ங்க! ஏழு வருஷத்துல அந்தப் பதினோரு செகண்டை நான் அவனுக்குக் குடுத்ததே இல்ல. எனக்கு அழுகை வந்துடுச்சு.

படுத்தோம். இந்தத் தொந்தியோட நானும் உள்ளே போனேன்! ரெண்டு பேரும் பேசலை. ரொம்ப நேரம் கழிச்சு என் முழங்கையில ஈரமா என்னமோ பட்டுச்சு. நாக்கு!

பேரு வச்சது செழியன்தான். கடலை. இப்ப நான் "கடலை!"ன்னு கணீர்னு கூப்பிட்டா, அந்த நாய் திரும்பிக்கூடப் பாக்காது. அவன் "க... க... கடலை"ன்னு கூப்பிட்டா, எங்கிருந்தாலும் ஓடிவரும். நானும் இப்ப அப்படித்தான் கூப்பிடறேன். அதுக்கு அதுதாங்க பேரு!

எதுக்கு இதை உங்ககிட்ட சொல்றேன்? உங்க பிள்ளைங்க திக்காம பேசலாம். ஆனா "அம்மா, இன்னைக்குக் கிளாஸ்ல..."ன்னு ஆரம்பிக்குதே, அப்ப நாம என்ன பண்றோம்? "ஹோம்வொர்க் முடிச்சியா? டிபன் பாக்ஸ் எங்க?" முடிச்சுவிட்டுடறோம் இல்ல? பயந்து மூலையில இருக்கற ஒரு குட்டி நாய், தன்னை அவசரப்படுத்தாத ஆளைத் தேடித்தான் வந்துச்சு. உங்க பிள்ளையும் வரும். வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்க நம்மால முடியுமா... அதுதான் கேள்வி.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளை வாயைத் தொறந்தா, நீங்க மூடிக்குங்க.

நானும் மூடிக்கறேன். நீட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கான்.