சீல் உடையாத மூன்று கேன்கள்

எலிக்குப் புதினா வாசனை ஆகாது என்று கனடாவில் எங்கள் சாஸ்கட்சுவான் பக்கம் எல்லோரும் நம்புகிறார்கள். சும்மா பேச்சு. புதினா எண்ணெயில் பஞ்சை நனைத்து வைத்தால், எலி அந்தப் பஞ்சையே பிய்த்துப் படுக்கை போட்டுக்கொள்ளும். உங்கள் இன்சூரன்ஸ் படிவத்தில் அதையும் ஒரு பாதுகாப்பு என்று போட்டிருக்கிறீர்கள். முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள், தம்பி.

காபி ஆறுகிறது, குடியுங்கள். என் வீட்டுக்காரர் நெஸ்டர் இப்போதைக்கு உள்ளே வர மாட்டார். பின்பக்கம் கேரவனை, அந்த வீட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார். குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார் செய்தது யார் என்று கேட்டீர்கள். "நான்தான், தப்பு என் மேலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அது அவ்வளவு சரியில்லை.

எங்கள் வீட்டில் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை கேரவனை மூடும் நாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நெஸ்டர் ரயில்வேயில் இருந்தவர். எந்த வேலையானாலும் பட்டியலை வாய்விட்டுப் படித்து, பதில் வாங்கி, பென்சிலால் டிக் போட்டால்தான் அவருக்கு அது முடிந்த வேலை. அவர் வண்டிக்குள் இருந்து கேட்பார், நான் வெளியே நின்று சொல்வேன்.

"தண்ணித் தொட்டி காலியா?"

"ஆச்சு."

"பேட்டரி கழட்டியாச்சா?"

"ஆச்சு."

"ஃபிரிட்ஜ் கதவு?"

"தொறந்தேதான் கெடக்கு, உன் வாயாட்டம்."

"ஏ வாயாடிக் கிழவி, ஆச்சுன்னு மட்டும் சொல்லு. ரயில் நிக்குது."

கடைசியாக, தண்ணீரெல்லாம் வடிந்த குழாய்களுக்குள் உறையாத ரோஸ் திரவத்தை ஏற்றுவோம். மூன்று கேன் பிடிக்கும். ஒவ்வொரு குழாயைத் திறந்தாலும் ரோஸாக வந்தால் வண்டி பனிக்குத் தயார். திரவம் இல்லாமல் தண்ணீர் நின்றுவிட்டால், ஜனவரிக் குளிரில் அது கட்டியாகிக் குழாயைப் பிளந்துவிடும். போன அக்டோபரிலும் நெஸ்டர் இதில் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு விஷயம் நடந்தது. பெரோகிக்கு மாவு தேய்த்து, உருளைக்கிழங்கை வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஒன்றைப் பச்சையாகவே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"லெசியா, வீட்ட வித்துடலாம். வர்ற மே மாசம் போர்டு வைக்கச் சொல்லிட்டேன். இனிமே கேரவன்தான் நம்ம வீடு. குளிருக்கு அரிசோனா, வெயிலுக்கு நெனச்ச எடம்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீ வேண்டாம்னுவ. அதான் கேக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.  சண்டைக்கு நின்றால் மாவு காய்ந்துவிடும். மிச்சத்தையும் மடித்து முடித்தேன்.

அந்தக் கேரவனின் நீளம் எட்டு மீட்டர். மூன்று வாரம் அதில் இருக்கலாம், நானும் சந்தோஷமாகவே இருந்திருக்கிறேன். ஆனால் சாகும்வரை என்றால்? கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மனுஷிக்கு ஓர் அறை வேண்டாமா? இந்த வீட்டில் அப்படி நாலு அறை இருக்கிறது. நாற்பத்தொரு வருஷமாக நான்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

வண்டியை மூடிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நெஸ்டர் கர்லிங் கிளப்பில் விளையாட்டுக்கு ஐஸ் தளம் போடப் போயிருந்தார். நான் தோட்டத்து ஹோஸை கேரவனில் மாட்டினேன். ஒவ்வொரு குழாயிலும் ரோஸ் நிறம் போய், சுத்தமான தண்ணீர் வரும்வரை ஓடவிட்டேன். பிறகு குழாய்களை மூடினேன். எலி நுழையும் ஓட்டைகளில் அவர் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்திருந்தார். அதைப் பிடுங்கினேன். பறவைகளுக்கு வாங்கிய சூரியகாந்தி விதை பத்துக் கிலோ இருந்தது. கேரவன் கட்டிலுக்கடியில் கொட்டினேன். குளிரில் அந்தப் பிராணிகளும்தான் எங்கே போகும், பாவம்.

அதோடு நிறுத்தியிருந்தால், திரவம் மட்டமான சரக்கு, பனி பொல்லாத பனி என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். நான் எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. அவர் ஊற்றிய மூன்று காலிக் கேன்களைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து அப்புறப்படுத்தினேன். அதே கடை, அதே திரவம், புதிதாக மூன்று கேன் வாங்கினேன். கராஜ் அலமாரியில், பனி அள்ளுகிற மண்வெட்டிக்குப் பின்னால், சீல் உடையாமல் வரிசையாக வைத்தேன். பிடுங்கிய கம்பி நாரை அலசிக் காயவைத்து, வாங்கி வந்த பையிலேயே போட்டேன். அடுத்த வருஷத்துக்கு உதவுமே என்றுதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இன்னொரு துண்டு கேக் வைக்கட்டுமா?

ஏப்ரலில் நெஸ்டர் வண்டியைத் திறந்தார். நாற்றம் என் சமையலறை வரைக்கும் வந்தது. குழாய்கள் வெடித்துக் கிடந்தன. அவர் தலையணைக்குள் எட்டு எலிக்குஞ்சு, ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. திரவம் வாங்கிய கடைக்காரனைத் திட்டிக்கொண்டே கராஜுக்குப் போனார். திரும்பி வரும்போது திட்டவில்லை. கையில் ஒரு கேன் இருந்தது.

"லெசியா, இது ஒடைக்கவே இல்ல. மூணும் அப்படியே இருக்கு."

"அப்போ நீ ஊத்தவே இல்லயா?"

"ஊத்தினேனே. ரோஸா வந்துச்சே. நீயும் பாத்தியே?"

நான் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது அதுக்கு முந்தின வருஷம் மூடினப்போ. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறியோ என்னவோ" என்றேன்.

பட்டியலை எடுத்துப் பார்த்தார். எல்லா வரியிலும் அவர் பென்சில், அவர் டிக். வண்டிப் படியில் உட்கார்ந்து அழுதார். என் மாமனார் செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் முட்டைக்கோஸ் சூப் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

டாக்டரம்மாவிடமும் அழைத்துப் போனேன். ஞாபகசக்தியைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். ரயில்வேக்காரர் இல்லையா, விநாடி முள்ளோடு வரைந்தார். குறையொன்றும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். அவரே ஏதோ எழுதிக்கொண்டார்.

வீடு விற்கிற போர்டு வேண்டாம் என்று நெஸ்டரே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். கார் சாவியையும் அவராகவே என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது பட்டியல் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. வாசல் தாண்டுவதற்குள் மூன்று தரம் கேட்கிறார். "அடுப்பு அணைச்சாச்சா லெசியா?" "ஆச்சு." "பின்கதவு?" "ஆச்சு." முன்போல் ரயில் நிற்கிறது என்றெல்லாம் கேலி செய்வதில்லை.

நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வீட்ட விக்கணும்னு நான் எப்பவாவது சொன்னேனா? இல்ல, அதுவும் நானா நெனச்சுக்கிட்டதா?"

"நீ எங்க சொன்ன? நான்தானே ஒரு நாள் வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"அதானே பாத்தேன்" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. வாழ்க்கையில் இவருக்கு இவ்வளவு ஆறுதலாக நான் எதையும் சொன்னதில்லை என்று தோன்றியது.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, யாரிடமும் வாயைத் திறக்காமல் ஏழு மாதம் இருப்பது லேசான காரியம் இல்லை. சர்ச் பெண்கள் என் ஊறுகாயைப் பாராட்டுகிறார்கள். இதைப் பாராட்ட ஆள் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். லெசியா ஹவ்ரிலுக், வயது அறுபத்தொன்பது, எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், தனியாக.

ஒன்றே ஒன்று. வீட்டுக்குத் தபாலில் அனுப்புகிற அறிக்கை நகலில் மட்டும் என் பெயர் வேண்டாம். அவர் மறந்துவிட்டார் என்றே இருக்கட்டும். கடிதங்களைப் பிரிப்பது நெஸ்டர்தான். அவர் மனசு நோவதைப் பார்க்க எனக்கு என்றைக்குமே தாங்காது.